மெருகு ஏறினால் மதிப்பு ஏறுமா? - பழைய ஏர்கன்களின் வரலாறும் விலையும்

முன்னுரை:

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் உள்ள ஊர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் தங்கியிருந்து தமிழ்ப்பணி செய்த ஊர். அவர் வைத்த பெயர் திருக்காவலூர். இன்று அடைக்கல மாதா ஆலயம் என்றால் வெளிமாவட்டத்தாருக்கும் தெரியும். இந்த வட்டாரத்தில் மாதா கோயில் தேர் ஆகட்டும், மாரியம்மன் கோயில் திருவிழா ஆகட்டும், வளையல் கடை, மிட்டாய்க் கடை, ராட்டினம் வரிசையில் பலூன் சுடும் கடையும் ஒன்று இருக்கும். தமிழ்நாட்டின் எந்த ஊர்த் திருவிழாவுக்கும் இது பொருந்தும்.

அந்தக் கடைத் துப்பாக்கியைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். கட்டையில் வார்னிஷ் மேல் வார்னிஷ், குழலில் கறுப்பு பெயிண்ட், கைபிடிக்கும் இடத்தில் டேப். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பலூன் உடைந்தால் போதும்!

ஆனால் அதே வகைத் துப்பாக்கி ஒன்று ஒரு வீட்டுப் பரணில் தாத்தா காலத்திலிருந்து கிடந்து, அதை விற்கலாம் என்ற பேச்சு வந்தால் கதை மாறிவிடுகிறது. முதலில் தோன்றும் யோசனை, பட்டறையில் கொடுத்து பளபளவென்று ஆக்கி விற்றால் கூடுதல் விலை வரும் என்பதுதான். சேகரிப்பாளர்களின் சந்தையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மெருகு போட்ட பிறகு விலை குறைகிறது. ஏன் அப்படி? அதற்கு விடை துப்பாக்கியில் மட்டும் இல்லை, நம் கோயில் சுவரிலும் இருக்கிறது.

காற்றால் சுடும் கருவி - சிறு வரலாறு:

காற்றுத் துப்பாக்கி என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைப்போம். ஒரு காலத்தில் அது போர்க்கருவி. ஆஸ்திரியாவில் பார்த்தலோமியோ ஜிராண்டோனி என்பவர் உருவாக்கிய காற்றுத் துப்பாக்கியை 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்கட்டை மரமல்ல, இரும்புக் காற்றுக்குடம். அதைக் கைப்பம்பால் நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை அடிக்க வேண்டும். பிறகு புகையில்லாமல், மருந்து இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக இருபது குண்டுகளுக்கு மேல் சுடலாம். ஒரு குண்டு சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்கும் காலத்தில் இது பெரிய அதிசயம். ஆனால் காற்றுக்குடம் கசியும், பராமரிப்பது கடினம், பயிற்சியும் அதிகம் தேவை. அதனால் சில பத்தாண்டுகளிலேயே வழக்கொழிந்தது.

இன்று பரண்களில் கிடப்பவை இந்த வகை அல்ல. அவை ஸ்பிரிங் வகை. விசையை அழுத்தினால் சுருண்டிருந்த ஸ்பிரிங் விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முனையில் தோல் வாஷர் இருக்கும். அது காற்றை அழுத்த, அந்தக் காற்று ஈய ரவையைக் குழல் வழியே தள்ளும். சைக்கிள் பம்பின் தத்துவம்தான், அதை ஒரே நொடியில் ஸ்பிரிங் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிளில் தெரிந்த பெயர் - பி.எஸ்.ஏ.:

தமிழ்நாட்டில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். 1949ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் வீடு வீடாகப் பரவிய பெயர் அது. அந்த மூன்று எழுத்துகளின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்'. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் 1861ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தியது போன்ற அதன் முத்திரை பிற்காலத்தில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறியது. சைக்கிள் ஓட்டிய பலருக்கு அந்த முத்திரைக்கு என்ன பொருள் என்றே தெரியாது!

இந்த பி.எஸ்.ஏ. 1905ல் காற்றுத் துப்பாக்கி செய்யத் தொடங்கியது. வடிவமைப்பு லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற பர்மிங்ஹாம் துப்பாக்கி வியாபாரியுடையது. 1904ல் அவர் காப்புரிமை பெற்றார். குழலை மடிக்காமல், அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றும் முறை அது. குழல் அசையாததால் குறி தவறாது. போயர் போருக்குப் பிறகு (1899-1902) சாதாரண மக்களும் குறிபார்த்துச் சுடக் கற்க வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டனில் பரவியிருந்த நேரம். மதுக்கடைகளில்கூட மணி இலக்குப் போட்டி நடந்தது. இரும்புத் தகட்டின் நடுவே சிறு துளை, துளைக்குள் ரவை புகுந்தால் பின்னால் மணி அடிக்கும். நம் ஊர் பலூன் கடைக்கு அது ஒரு தூரத்துச் சொந்தம் எனலாம்.

முதல் உலகப்போரில் உற்பத்தி நின்று, 1919க்குப் பிறகு மீண்டும் தொடங்கி, 1939ல் இரண்டாம் உலகப்போரோடு அந்தப் பழைய வரிசை முடிந்தது. பிறகு 1948ல் ஏர்ஸ்போர்ட்டர், 1959ல் மீட்டியர் என்று புது மாடல்கள் வந்தன. ஒவ்வொரு துப்பாக்கியிலும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்து எந்த மாடல், ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். இந்த எண் நினைவிருக்கட்டும். பின்னால் தேவைப்படும்.

வில்லை எறிந்த டயானா:

இன்னொரு பெரிய பெயர் டயானா. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் மேயர் அண்ட் கிராமல்ஸ்பாக்கர் என்ற நிறுவனம் 1890ல் தொடங்கியது. டயானா ரோமானியரின் வேட்டைத் தெய்வம். நிறுவனத்தின் முத்திரையில் அந்தத் தெய்வம் வில்லைக் கீழே எறிந்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றபின், இந்த ஆலையின் இயந்திரங்களும் 'டயானா' என்ற பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போயின. ஜெர்மன் நிறுவனம் 1950 வாக்கில் மறுபடி துப்பாக்கி செய்யத் தொடங்கியபோது பிரிட்டனில் தன் சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியவில்லை. 'ஒரிஜினல்' என்று பெயர் போட்டு விற்றது. 1984ல்தான் பெயர் திரும்பக் கிடைத்தது. எனவே 'டயானா' என்று பொறித்த ஒரு பழைய துப்பாக்கி ஜெர்மனியில் செய்ததாகவும் இருக்கலாம், ஸ்காட்லாந்தில் செய்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சந்தையில் ஒரே விலை இல்லை. போருக்குப் பிந்தைய ஜெர்மன் டயானாக்களில் தயாரித்த மாதமும் ஆண்டும் சிறிய எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆக, ஒரு பழைய ஏர்கன்னின் பிறப்புச் சான்றிதழ் அதன் இரும்பின் மேல் பொறித்த சில மில்லிமீட்டர் எழுத்துகள்தான். அந்த எழுத்துகளின் ஆழமோ ஒரு தலைமுடியின் கனத்தை ஒட்டியது. உப்புத்தாளும் பஃபிங் சக்கரமும் முதலில் தின்பது அந்த ஆழத்தைத்தான்.

கருநீலம் என்பதும் ஒரு துருதான்!

துப்பாக்கிக் குழல் கருநீலமாக இருக்கிறதே, அது பெயிண்டா? இல்லை. அது இரும்பின் ஆக்சைடு. ஒரு வகைத் துரு என்றே சொல்லலாம். செந்துரு இரும்பை அரிக்கும், உதிரும், மேலும் மேலும் பரவும். கருநிற ஆக்சைடு மெல்லிய படலமாக இரும்போடு ஒட்டிக்கொண்டு, எண்ணெயைப் பிடித்து வைத்து, செந்துரு வராமல் ஓரளவு காக்கும்.

பழைய முறையில் இதைச் செய்ய நாட்கணக்கில் ஆகும். சுத்தம் செய்த இரும்பில் ஒரு கரைசலைப் பூசி மெல்லிய செந்துருவை வரவழைப்பார்கள். பிறகு கொதிநீரில் போட்டால் செந்துரு கருநிறமாக மாறும். உதிரியாக இருப்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். இப்படிப் பலமுறை. கடைசியில் கிடைக்கும் நிறம் ஆழமானது, ஆனால் கண்ணாடி போல் மின்னாது. 20ஆம் நூற்றாண்டில் சூடான காரக் கரைசலில் முக்கி எடுக்கும் வேகமான முறை பரவியது. அதில் வரும் நிறமும் மினுக்கமும் வேறு. 1910ல் செய்த துப்பாக்கியில் 1990ன் நிறம் இருந்தால் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

தோசைக்கல்லை நினைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பல வருடம் பழகிய இரும்புத் தோசைக்கல்லின் கருமையை எந்த வீட்டிலும் உப்புத்தாள் போட்டு எடுக்கமாட்டார்கள். எடுத்தால் கல் புதிதாகத் தெரியும், தோசை வராது! அந்தக் கருமை அழுக்கு அல்ல, காலம் போட்ட பூச்சு.

மெருகு போட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடங்கள் சில:

1. எழுத்தின் விளிம்பு. முத்திரையும் எண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து ஆழமாகவும் பக்கத்து எழுத்து மங்கியும் இருந்தால் அங்கே தேய்ப்பு நடந்திருக்கிறது.

2. திருகாணித் துளையின் வாய். பஃபிங் சக்கரம் துளையின் விளிம்பை உள்ளே இழுத்து, சிறு கிண்ணம் போல் குழிவாக்கிவிடும். இதை மறைக்க முடியாது.

3. மூலைகள். ஆலையில் கூராகச் செய்த விளிம்பு சோப்புக்கட்டி போல் வழவழப்பாக இருந்தால் மெருகு உறுதி.

4. மரமும் இரும்பும் சேரும் இடம். புதிதில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். கட்டையை இழைத்திருந்தால் மரம் தாழ்ந்து, அடித்தகடு மட்டும் வெளியே துருத்தி நிற்கும். பிடிப்புக்காக வெட்டிய குறுக்குக் கோடுகளும் மழுங்கியிருக்கும்.

5. குழிகளின் உள்ளே நிறம். துரு தின்ற குழிகளுக்குள்ளும் புதிய கருநீலம் இருந்தால், துரு முதலில், நிறம் பிறகு என்று பொருள்.

6. பொருந்தாத தேய்மானம். கைபிடிக்கும் இடத்திலும் நெம்புகோல் ஓரத்திலும் நிறம் தேய்வது இயல்பு. விசையும் கட்டையும் நன்றாகத் தேய்ந்திருக்க, குழல் மட்டும் நேற்று வந்தது போல் இருந்தால் சந்தேகப்படலாம்.

மூடியதா, சுரண்டியதா? தஞ்சாவூர் சொல்லும் பாடம்:

மெருகு எல்லாம் ஒன்றல்ல. இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பழைய மேற்பரப்பின் மேல் புதியதைப் பூசி மூடுவது. மற்றொன்று பழைய மேற்பரப்பையே சுரண்டி எடுப்பது.

இந்த வித்தியாசத்துக்குச் சிறந்த உதாரணம் ஏலாக்குறிச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இருக்கிறது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றின் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி அந்தப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். நாயக்கர் காலத்தவர் சுவரைப் புதுப்பிக்கத்தான் செய்தார்கள். ஆனால் பழையதன் மேல் சுண்ணாம்பு பூசி மூடினார்கள். மூடியதால் ராஜராஜன் காலத்து வண்ணம் அடியில் பிழைத்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்களைப் படலமாகப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஒட்டி, இரண்டு காலத்து ஓவியங்களையும் காப்பாற்றியது.

இதற்கு நேரெதிர், கோயில் திருப்பணிகளில் ஒரு காலத்தில் பரவலாக நடந்த மணல் வீச்சு. கல்லில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க, அழுத்தமான காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. கூடவே உளியின் தடமும், கல்வெட்டு எழுத்தின் கூர்மையும் போயின. ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அரசே அதற்குத் தடை விதித்தது. தடை வந்தாலும், போன எழுத்து வராது. ஏலாக்குறிச்சி ஆலயத்தில் அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. அந்தக் கல்லின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை, அதில் உள்ள எழுத்தில்தான் இருக்கிறது.

துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். பலூன் கடைக்காரர் அடித்த கறுப்பு பெயிண்ட் பார்க்க அசிங்கம். ஆனால் அது நாயக்கர் பூச்சு மாதிரி. பொறுமையாகக் கரைத்து எடுத்தால் அடியில் பழைய கருநீலமும் முழு எண்ணும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பட்டறையில் சக்கரம் போட்டு, புதிதாகக் கருநீலம் ஏற்றியது பார்க்க அழகு. ஆனால் அது மணல் வீச்சு!

விலை போடும் கணக்கு:

வெளிநாடுகளில் இதற்குத் தனி விலைப் புத்தகமே இருக்கிறது. 'புளூ புக் ஆஃப் ஏர்கன்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 2001 முதல் வருகிறது. துப்பாக்கி எவ்வளவு பளபளக்கிறது என்று அது கேட்பதில்லை. ஆலையில் போட்ட முதல் மேற்பரப்பில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. புதிதாக மெருகு போட்ட துப்பாக்கியில் பளபளப்பு 100 சதவீதம், முதல் மேற்பரப்பு பூஜ்யம்.

ஒரே மாடல், ஒரே வருடம், மூன்று துப்பாக்கிகள் என்று கற்பனை செய்துகொள்வோம்.

முதலாவது: யாரும் கைவைக்காதது. நிறம் பாதி போயிருக்கிறது, கட்டையில் கீறல்கள், எண்ணும் முத்திரையும் தெளிவு.

இரண்டாவது: சக்கரம் போட்டு மெருகேற்றியது. கண்ணாடி போல் மின்னுகிறது, முத்திரை மங்கல், மூலைகள் உருண்டை.

மூன்றாவது: கறுப்பு பெயிண்ட் அடித்தது. அடியில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது.

தோட்டத்தில் தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுட நினைப்பவருக்கு இரண்டாவதே பிடிக்கும். அவர் கொடுக்கும் விலை ஒரு பயன்படும் பொருளின் விலை. சேகரிப்பாளர் முதலாவதற்குத்தான் அதிகம் கொடுப்பார். அடுத்து மூன்றாவதைப் புரட்டிப் பார்ப்பார், அடியில் நல்லது கிடைக்கலாம் என்ற நம்பிக்கைக்காகக் கொஞ்சம் கூட்டுவார். இரண்டாவதைக் கடைசியில் வைப்பார். அதில் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை அல்லவா?

இங்கே விற்பவருக்கு ஒரு வேதனை உண்டு. பட்டறைக்கு 3,000 ரூபாய் கொடுத்திருந்தால் அந்த 3,000 விலையில் சேர வேண்டும் என்று நினைப்பார். சேராது. செலவு வேறு, மதிப்பு வேறு. அந்த 3,000 ரூபாயும் போய், முன்பு இருந்த மதிப்பில் ஒரு பகுதியும் போய், இரட்டை நஷ்டம். அதனால்தான் விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைப்பது மட்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. துரு தின்று முழுக்கச் சிவந்துபோன துப்பாக்கியில் காப்பாற்ற முதல் மேற்பரப்பே இல்லை. அதை முறையாகச் சுத்தம் செய்து நிறம் ஏற்றினால் விலை கூடலாம். மிக அரிய மாடலுக்கு எந்த நிலையிலும் ஆள் உண்டு. அதிகம் செய்து குவிக்கப்பட்ட மலிவு மாடல்களில் சேகரிப்பு மதிப்பே குறைவு என்பதால் மெருகால் பெரிய இழப்பும் இல்லை. பழைய முறைப்படி, எழுத்தைத் தொடாமல், கைதேர்ந்தவர் செய்த வேலைக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதையும் விற்கும்போது சொல்லிவிட வேண்டும். மெருகு போட்டதை மறைத்து 'ஒரிஜினல்' என்று விற்றால் அது வியாபாரம் அல்ல, ஏமாற்று.

பழுதுபார்த்தல் வேறு, மெருகு போடுதல் வேறு:

உடைந்த ஸ்பிரிங்கை மாற்றினால், காய்ந்த தோல் வாஷரை மாற்றினால் மதிப்பு போய்விடுமா? பொதுவாகப் போகாது. அவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுத் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம். மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும் என்றால் அந்த வேலையால் கேடு இல்லை.

சில சமயம் பழுதுபார்த்த தடமே பெரிய மதிப்பைக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் இருவரும் 1804 முதல் 1806 வரை கண்டத்தின் மேற்குக் கரை வரை நெடும்பயணம் போனார்கள். லூயிஸிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வழியில் சந்தித்த பழங்குடி மக்களை வியக்க வைக்க அவர் அதைச் சுட்டுக் காட்டுவார். அதன் முதன்மை ஸ்பிரிங்கை ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் 1805 ஜூனில் மாற்றிக் கொடுத்ததாகப் பயணக் குறிப்பேட்டில் உள்ளது. இருநூறு ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய ஜிராண்டோனி துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், அதில் இருந்த பழுதுபார்ப்புத் தடங்கள் அந்தக் குறிப்பேட்டோடு பொருந்துவதாகக் கூறி, அதுவே லூயிஸின் துப்பாக்கியாக இருக்கக்கூடும் என்று வாதிட்டனர். இடையில் ஒருவர் 'சுத்தமாக' புதுப்பித்திருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இருந்திருக்காது. கரடுமுரடான ஒரு ஸ்பிரிங் சரித்திரச் சாட்சியாக மாறியது இப்படித்தான்!

நம் ஊரிலும் இந்த அறிவு புதிதல்ல. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. எஸ்.பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளை அரிப்பிலிருந்து காக்கும் முறைகளில் முன்னோடியாக உழைத்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அங்கே வேலையல்ல. தின்னும் அரிப்பை நிறுத்த வேண்டும், செதுக்கலின் நுட்பம் போகக்கூடாது. இந்த இரண்டும்தான் குறிக்கோள்.

புதுமைக்கு ஒரு மதிப்பு, வயதுக்கு ஒரு மதிப்பு:

அப்படியென்றால் பளபளப்பை விரும்புவது அறியாமையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1903ல் எழுதிய ஒரு கட்டுரையில், பழைய பொருட்களுக்கு மனிதர்கள் பல வகை மதிப்புகள் தருகிறார்கள் என்றார். அவற்றில் ஒன்று வயதின் மதிப்பு, இன்னொன்று புதுமையின் மதிப்பு. இரண்டும் ஒரே பொருளில் மோதிக்கொள்ளும் என்பதுதான் அவர் சொன்ன முக்கியமான விஷயம்.

தமிழர் வாழ்க்கையில் புதுமையின் மதிப்பு மிக ஆழமானது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். ஆயுத பூஜைக்கு அரிவாள், சுத்தியல், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோபுரத்துக்கு வண்ணம் பூசிக் குடமுழுக்கு செய்கிறோம். பொருளைப் புதுப்பிப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று வளர்ந்த கைகள்தான் தாத்தாவின் துப்பாக்கியையும் பட்டறைக்குக் கொண்டு போகின்றன. அந்தக் கைகளில் தவறு இல்லை. உயிரோடு பயன்பாட்டில் உள்ள பொருளுக்கு அது சரியான மரியாதையும்கூட. ஆனால் பயன்பாடு முடிந்து, சாட்சியாக மட்டும் மிஞ்சிவிட்ட பொருளுக்கு வேறு வகை மரியாதை தேவைப்படுகிறது. அதன் தழும்புகளை அப்படியே விட்டுவைப்பதுதான் அந்த மரியாதை.

சட்டம் என்ன சொல்கிறது?

விலை பேசும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959ல் வந்தது. அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை.

ஆற்றலைக் கணக்கிடுவது பள்ளிப் பாடம்தான். அரை கிராம் ரவை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 10 ஜூல். 20 ஜூல் வர வேண்டுமானால் ஏறக்குறைய 283 மீட்டர் வேகம் வேண்டும். பெரும்பாலான பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளுக்கு அவ்வளவு வலு கிடையாது. ஆனால் துளை விஷயத்தில் சிக்கல் வரும். பழைய பி.எஸ்.ஏ., டயானாக்களில் 5.5 மில்லிமீட்டர் துளை உள்ளவையும் ஏராளம். வெளிநாட்டு விலைப் பட்டியலில் நல்ல விலை போட்டிருக்கும் 5.5 துப்பாக்கியை, உரிமம் இல்லாமல் இங்கே சாதாரணமாகக் கைமாற்ற முடியாது. எனவே துளையை அளந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. எண் அழிந்த துப்பாக்கி என்றால் விளக்கம் சொல்வதும் கடினம். மெருகு போடுவதால் வரும் இன்னொரு தலைவலி இது.

மற்றொன்று, இவற்றில் பல ஒரு காலத்தில் கொக்கும் நாரையும் சுடத்தான் வாங்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். இதே அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இன்று ஏர்கன்னுக்கு மரியாதையான இடம் காகித இலக்கின் முன்தான். 1984 முதல் 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக் போட்டியாக இருக்கிறது. 2008ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் குவித்ததும் அதே பிரிவில்தான்.

முடிவுரை:

பழைய ஏர்கன் ஒன்றின் விலையை ஐந்து கேள்விகள் முடிவு செய்கின்றன. அது எது, எந்த ஆண்டு? எண்ணும் முத்திரையும் படிக்க முடிகிறதா? முதல் மேற்பரப்பு எவ்வளவு மிச்சம்? மெருகு போட்டவர் மூடினாரா, சுரண்டினாரா? வாங்குபவர் சுடப் போகிறாரா, சேர்த்து வைக்கப் போகிறாரா?

இந்த ஐந்தில் நான்காவதுதான் திருத்த முடியாதது. எண்ணெய் எப்போது வேண்டுமானாலும் போடலாம். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சுரண்டிப் போன எழுத்தை மட்டும் எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. வீட்டுப் பரணில் துப்பாக்கியோ, செம்போ, மரப்பெட்டியோ, பழைய கடிகாரமோ எது கிடைத்தாலும், உப்புத்தாளை எடுக்கும் முன் ஒரு நல்ல வெளிச்சத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் குறித்துக்கொள்வது நல்லது. படித்து முடித்த பிறகு பெரும்பாலும் உப்புத்தாள் தேவைப்படாது.